பார்பரம்மாளின் மூக்கு

அன்பு மகள் யாத்விகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். சிகாகோவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நம் உப்புச் சுரங்கத்தை இப்போது பார்த்தால் காறித் துப்புவாய். உப்பு வெட்டியது போதும் என்று உன் அப்பாவை வேலையிலிருந்து அனுப்பியவர்கள் இப்போது கீழே தேங்கிய உப்புத் தண்ணீரில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு விடுகிறார்கள், பாட்டுக்கு ஏற்றபடி விளக்கு மினுக்குகிறார்கள். உப்பு இழுத்த குதிரைகளைக் கட்டிய லாயத்தில் காப்பிக் கடை. வழிகாட்டியாக இருப்பவன் மீன்காரி ஹெலேனா மகன் கமில். இறங்கியதும் "எல்லாரும் ஒரு விசில் அடிங்க, எதிரொலி கேளுங்க" என்கிறான். விசில் அடித்தால் கூரை இடிந்து விழும் என்று வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்த இடம் அது.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். சுரங்கத்துக்குள் கோயிலறையில் உன் அப்பா உப்பில் செதுக்கிய, சுரங்கத்தாரைக் காக்கும் புனித பார்பரம்மாள் இருக்கிறாளே, கல்யாணமான புதிதில் என்னை உட்கார வைத்துச் செதுக்கிய முகம். சுரங்கத்து ஆட்கள் அவள் முன்னால் தொப்பியைக் கழற்றுவார்கள், ஒருவனும் தொடமாட்டான், வியர்வைக் கை பட்டால் உப்பு கரையும். இந்தக் கமிலோ "மூக்கைத் தொட்டா இந்த வருஷமே கல்யாணம்" என்று கிளப்பிவிட்டான். மூக்கும் போய் வாயும் போய், உரித்த உருளைக்கிழங்காக நிற்கிறாள். போய்க் கேட்டால் "அத்தை, யாரோ பழைய காலத்துத் துறவி செஞ்சதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்கிறான். "அந்தத் துறவிதாண்டா உனக்கு ஞானத்தகப்பனா நின்னாரு, அவரு கோட்டுலதான் நீ மூத்திரம் போனே" என்றேன். வந்த கூட்டமெல்லாம் சிரித்தது.

இப்போது முகத்தைப் புதிதாகச் செதுக்கப் போகிறார்களாம், சினிமாக்காரி ஒருத்தியை உட்கார வைத்து. என் புருஷன் செய்த சிலைக்கு எவளோ ஒருத்தியின் முகமா என்று சிற்பியிடம் சண்டைக்குப் போனேன். ரிஷார்த் என்று பெயர், நல்ல பிள்ளை. கல்யாணப் போட்டோவைக் கொடுத்தேன், தட்டையான படத்திலிருந்து மூக்கு வராதாம். பிறகு என் முகத்தையே பார்த்தான், இந்தச் சுருக்கத்தையெல்லாம் செதுக்க உனக்கு ஆயுசு பத்தாது என்று நானே சொல்லிவிட்டேன். "உங்க சாயல்ல மக யாராச்சும் உண்டாம்மா?" என்றான். உண்டு, மூக்கும் அப்படியே, திமிரும் அப்படியே என்றேன். பார்பரம்மாள் திருநாள் வரை காத்திருப்பானாம். அதற்குள் நீ வரவில்லை என்றால் சினிமாக்காரிதான்.

நீ போன நாளிலிருந்து வா என்று உன்னை நான் கெஞ்சியதில்லை. இதுவும் சிலைக்காகத்தான் என்று எழுத நினைத்தேன், பொய் எதற்கு. உன் முகத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அன்னை மரியாள் உங்கள் எல்லோரையும் காப்பாளாக. வரும்போது கம்பளிக் குல்லாய் மறக்காதே, என் முழங்காலுக்குத் தைலமும்.

இன்னும் மூக்கு கரையாத உன் அம்மா,
ஸ்டெஃபானியா