நாச்சிக்குப் பதிலாகப் போனவன்

பிளாக் 11, நெய்வேலி
14.9.1996

மதிப்பிற்குரிய விண்ணரசன் ஐயாவுக்கு,

வணக்கம். 'வெண்குருகு' விண்வெளிச் சித்திரக்கதைக்கு நான் முதல் இதழிலிருந்து வாசகன். எழுபத்திரண்டு இதழ்களும் அட்டை கிழியாமல் என்னிடம் இருக்கின்றன. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. கேப்டன் வழுதியின் இடது கன்னத் தழும்பு ஐந்து மாதம் வலது கன்னத்தில் இருந்தபோதுகூட எழுதவில்லை. ஓவியருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதம் எழுதாமல் இருக்க முடியவில்லை. பதினான்காம் பக்கத்தில், கப்பலின் சாப்பாட்டு அறையில், மின்னல் நாச்சி உட்கார்ந்து காபி குடிக்கிறாள். சர்க்கரை போதவில்லை என்று குறை வேறு சொல்கிறாள். 1993 தீபாவளி மலரில், அதாவது முப்பத்தெட்டாம் இதழில், சனிக்கோளின் வளையத்தில் கப்பலைக் காப்பாற்றப் போய் வெடித்துச் செத்தவள் அவள்.

இந்நேரம் உங்களுக்குத் திட்டுக் கடிதங்கள் மூட்டையாக வந்திருக்கும். 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு கட்டம் போட்டு அவளை மறுபடி சாகடித்துவிடுவீர்களோ என்று பயந்துதான் எழுதுகிறேன். அப்படிச் செய்யாதீர்கள் ஐயா. அது தவறே இல்லை. நாச்சி சாகவில்லை.

நான் இங்கே மைன்ஸில், நிலக்கரி ஓடும் கன்வேயரின் கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். ஷிப்ட் முடியும்போது என்ன ஓடியது, என்ன நின்றது, யார் இருந்தார்கள் என்று லாக் புக்கில் எழுதி அடுத்து வருகிறவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவோம். அந்தப் பழக்கத்தில் உங்கள் கப்பலுக்கும் ஒரு லாக் புக் வைத்திருக்கிறேன். வெடிப்பு நடந்தது இரண்டாம் ஷிப்டில். ஷிப்டில் யார் யார் என்று எழுதிப்போடும் பலகையில் நாச்சியின் பெயர் இருக்கிறது. கேப்டன் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அவள் போய்விட்டாள் என்கிறார். முகத்தை யாரும் பார்க்கவில்லை, கவசக் கண்ணாடி கறுப்பு. அதைவிட முக்கியம், அந்த ஒன்பது கட்டங்களில் ஒருமுறைகூட விரலிலிருந்து மின்னல் வரவில்லை. கையில் இருப்பது வெறும் ஸ்பேனர். உயிர் போகிற நேரத்தில் நாச்சி ஸ்பேனரையா தேடுவாள்?

அவள் அன்று ஷிப்ட் மாற்றிக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊரில் இது சாதாரணம். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்றால் கூட வேலை பார்ப்பவனிடம் 'எனக்குப் பதிலா இன்னிக்கு நீ போ' என்போம். ஃபோர்மேனிடமும் சொல்லிவிடுவோம். பலகையில் மட்டும் அன்றைக்குப் பழைய பெயரே இருக்கும்.

மூன்று வருடம் அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அதை உங்களைப்போல் எழுத வேறு யாருமில்லை.

என்றும் உங்கள் வாசகன்,
ச. ரெஜின்


சைதாப்பேட்டை, சென்னை
5.10.1996

அன்புள்ள ரெஜின் தம்பிக்கு,

முதலில் அந்த 'ஐயா'வை விட்டுவிடுங்கள். விண்ணரசன் என்பது எங்கள் முதலாளி வைத்த பெயர். பெண் எழுதினால் ராக்கெட் மேலே போகாது என்று அவருக்கு ஓர் எண்ணம். என் பெயர் புஷ்பவல்லி. வயது ஐம்பத்திரண்டு. ஆறு வருடமாக அந்தக் கப்பலை நான்தான் ஓட்டுகிறேன்.

நாச்சி செத்தது எனக்கு மறக்கவில்லை. கொன்றவளே நான், எப்படி மறக்கும்? அந்தச் சாப்பாட்டு அறைக் காட்சியை எழுதும்போது எல்லோரும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அவள் போனதிலிருந்தே அந்தக் கப்பலில் ஒருவரும் சிரிப்பதில்லை. யாராவது குறும்பாக ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்று நினைத்தேன், கை தானாக அவள் பெயரை எழுதிவிட்டது. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன்.

முந்நூற்று நாற்பது கடிதங்கள். ஒருவர் மூன்றே சொற்களில் அஞ்சலட்டை போட்டிருக்கிறார், அவற்றை இங்கே எழுத முடியாது. முதலாளி மன்னிப்புக் கட்டத்தைத் தயார் செய்துவிட்டார். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. அவருக்கு இரண்டுமுறை படித்துக் காட்டினேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தீபாவளி அவசரத்தில் மின்னல் வரைய நேரமில்லாமல் ஓவியர் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார். உண்மை அவ்வளவுதான். உங்கள் காரணம் உண்மையைவிட நன்றாக இருக்கிறது. என் கதையை என்னைவிட ஒழுங்காகப் படித்த ஒருவர் நெய்வேலியில் இருக்கிறார் என்று தெரிந்ததில் இரண்டு நாள் வேலையே ஓடவில்லை எனக்கு.

எழுபத்துநான்காம் இதழில் நாச்சி முறையாகத் திரும்பி வருகிறாள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்குப் பதிலாகப் போனது யார்? செத்தவனுக்கு ஒரு பெயராவது வேண்டாமா?

அன்புடன்,
புஷ்பவல்லி


நெய்வேலி
11.10.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

விண்ணரசன் ஒரு பெண் என்று என் மனைவி மரியசெல்வியிடம் சொன்னேன். அதனால்தான் காபியில் சர்க்கரை போதாதது அவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்றாள். உங்கள் கையெழுத்துக் கடிதத்தை முதல் இதழுக்குள் வைத்திருக்கிறேன்.

போனவன் பெயர் துரை. உயரமான ஆள். ஒரு உதவியை நாம் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிடுவான். வீட்டில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. இதுவரை எந்தக் கட்டத்திலும் அவன் வரவில்லை, ஆனால் கப்பலில் முதல் நாளிலிருந்து இருக்கிறான். அவனை மட்டும் சிரிப்புப் பாத்திரமாக ஆக்கிவிடாதீர்கள்.

பணிவுடன்,
ரெஜின்


சைதாப்பேட்டை
25.11.1996

அன்புள்ள ரெஜின் தம்பிக்கு,

இதழைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பத்து நாளில் தீர்ந்து மறுபடி அச்சடித்தோம். முதலாளி ஆபீசுக்கே மைசூர்பாகு வாங்கித் தந்தார். துரைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். திட்டி எழுதிய அந்த மூன்று சொல் ஆசாமி இப்போது 'துரை நம்ம ஆளு' என்று எழுதியிருக்கிறார். அதுவும் மூன்று சொல்தான்.

மூன்று வருடம் நாச்சி ஒரு துணைக்கோளில் ஒளிந்திருந்தாள் என்று எழுதினேன். எதிரிக்குப் பயந்து அல்ல, துரையின் வீட்டாருக்குப் பயந்து. அது எப்படித் தோன்றியது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் கடிதங்களைப் படித்தபோது வந்தது.

இப்போது பிப்ரவரி இதழில் அவள் துரையின் வீட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அவள் என்ன வீராங்கனை? ஆனால் காட்சி எனக்கு வரமாட்டேன் என்கிறது. வாசலில் நின்று அவள் என்ன சொல்வாள்? உங்கள் லாக் புக்கில் ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
புஷ்பவல்லி


(அஞ்சலட்டை)
நெய்வேலி, 2.12.1996

அம்மா, நாச்சியை அந்த வீட்டுக்கு அனுப்பவேண்டாம். வேறு ஏதாவது கோளுக்கு அனுப்புங்கள். வாசகர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். ரெஜின்


(அஞ்சலட்டை)
சென்னை, 9.12.1996

முதலில் கேட்கிற வாசகர் நீங்கள்தானே, தம்பி. என்ன ஆயிற்று? பு.


நெய்வேலி
29.12.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று இருந்தேன். இனியும் தள்ளிப்போட எனக்குக் காரணம் இல்லை.

துரை நிஜமான ஆள். முழுப் பெயர் சின்னதுரை. காடாம்புலியூர்க்காரன், என் கண்ட்ரோல் ரூமிலேயே வேறு ஷிப்டில் ஆபரேட்டர். 1993 தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் உங்கள் மலர் வந்தது. நெய்வேலிக் கடைகளில் தீர்ந்துபோயிற்று. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு கடையில் ஒன்று எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். சின்னதுரையிடம் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றான். ஒரு படப் புத்தகத்துக்காகத்தான் போகிறேன் என்று சொன்னபோது தலையிலடித்துக்கொண்டு சிரித்தான்.

பகல் ஒன்றேகாலுக்கு, ஷிப்டுக்கு சைக்கிளில் வரும் வழியில், மெயின் ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துவிட்டது.

இரண்டாம் ஷிப்ட் ஆபரேட்டரை லாரி அடித்துவிட்டது என்று யாரோ வந்து சொல்ல, அங்கே இருந்தவர்கள் பலகையைப் பார்த்திருக்கிறார்கள். பலகையில் என் பெயர். ஆள் என் வீட்டுக்கு ஓடியது. மரியசெல்வி இரண்டு மணி நேரம் நான் செத்துவிட்டேன் என்று தரையில் கிடந்து அழுதிருக்கிறாள். நான் பஸ்ஸில் மலரைப் படித்து, நாச்சிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் வைத்தபடி தெருவில் நடந்து வந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் சந்தோஷத்தில் கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது. அதே நேரம் அவன் வீட்டுக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கத்தலை நினைத்தால் அவன் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வருவதில்லை. அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றேன். அப்புறம் போகவே இல்லை. அவன் மனைவி சாமியம்மாள், ஆஸ்பத்திரியில் வார்டு வேலை கிடைத்து, இதே டவுன்ஷிப்பில்தான் இருக்கிறார். அந்த பிளாக் வழியே போகாமல் மூன்று வருடமாகச் சுற்றுவழியில் சைக்கிள் மிதிக்கிறேன்.

அப்போதிலிருந்து உங்கள் முப்பத்தெட்டாம் இதழை நூறுமுறை படித்திருப்பேன். நாச்சி உயிரோடு வந்து காபி குடித்த அன்று எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அவள் வாசலில் நின்று என்ன சொல்வாள் என்று என்னைக் கேட்கிறீர்கள். தெரிந்தால் நான் போயிருக்கமாட்டேனா?

ரெஜின்


சைதாப்பேட்டை
9.1.1997

என் அன்புள்ள ரெஜினுக்கு,

உங்கள் கடிதத்தை முதலாளியிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டமாட்டேன். படித்துவிட்டு அழுதேன்.

போங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் காகிதத்தில் ஆளைக் கொன்று காகிதத்தில் எழுப்புகிறவள். நிஜத்தில் யாராவது செத்த வீட்டுக்குப் போனாலே எனக்கு நாக்கு எழாது. அந்தக் காட்சியை நான்குமுறை எழுதிப் பார்த்தேன். முதலாவதில் நாச்சி காலில் விழுகிறாள், துரையின் மனைவி அவளைத் தூக்கிக் கண்ணீரைத் துடைக்கிறாள். இரண்டாவதில் கேப்டனின் பதக்கத்தைக் கொடுக்கிறாள், மனைவி அதை மார்போடு அணைத்து அழுகிறாள். மூன்றாவதில் துரை நட்சத்திரமாகிவிட்டான் என்று மனைவியே சொல்கிறாள். இதை எழுதியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். நான்காவதில் வாசலோடு திரும்பிவிடுகிறாள்.

பிப்ரவரிக்கு வேறு கதை போட்டுக்கொள்கிறேன். நாச்சிமேல் எனக்கு இருக்கிற மதிப்பு இதனால் குறையாது. உங்கள் மேலும்தான்.

உங்கள்,
புஷ்பவல்லி


நெய்வேலி
26.1.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் நான்கு காட்சிகளும் தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று அந்த மனைவி அழுகிறாள், அல்லது நாச்சிக்கு ஆறுதல் சொல்கிறாள், இல்லாவிட்டால் அவளுக்குப் பேச இடமே கொடுக்காமல் நீங்கள் நாச்சியைத் திருப்பி அனுப்புகிறீர்கள். சாமியம்மாள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சின்னதுரை வீட்டில் நடப்பதையெல்லாம் சொல்வான், அதை வைத்தே எனக்குத் தெரியும். ஆனால் அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியசெல்வியை வீட்டில் விட்டுவிட்டு நேரே அங்கே போனேன்.

அவர் குழாயடியில் யூனிஃபார்ம் புடவையை அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பண்ருட்டி, புத்தகம், பலகை, மரியசெல்வி கத்தியது வரைக்கும். அவர் புடவையைப் பிழிந்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"தெரியும். அன்னிக்கு சோறு துன்னும்போது எங்கிட்ட சொல்லிட்டுதான் போனாரு. லாரிக்காரன் பண்ணதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க. அதுக்கு எனக்குக் கோவமில்ல. இதே ஊர்ல இருந்துகினு மூணு வருஷமா ஒரு வாட்டி வந்து எம்பொண்ணு மூஞ்சிய பாக்கல நீங்க. அதுக்குதான் கோவம்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்க விடவில்லை.

"அவரு உங்களுக்காக ஷிப்டுக்குக் கெளம்பினாரு. ஷிப்ட் மாத்தினா திருப்பிப் பாத்துக் குடுக்கணுமா இல்லியா? சனிக்கெழம பொண்ணு ஸ்கூல்ல அப்பா அம்மாவ வரச் சொல்லிக்கிறாங்க. எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். நீங்க போங்க."

அவ்வளவுதான் பேச்சு. நாச்சியை அனுப்புங்கள் அம்மா. அழவைக்காதீர்கள், பதக்கம் வேண்டாம். துரையின் மனைவி நன்றாகத் திட்டட்டும், அப்புறம் ஒரு வேலை சொல்லட்டும்.

நேற்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெண்ணின் பெயர் எழில்மதி, ஏழாம் வகுப்பு. அப்பனைப்போல் உயரம். ஸ்கூல் கேட்டருகில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். டீச்சர் நான் யார் என்று கேட்டபோது, அப்பாவோடு வேலை பார்த்தவர் என்று அவளே சொன்னாள். கணக்கில் தொண்ணூற்றொன்று, தமிழில் ஐம்பது. வகுப்பில் பேச்சு அதிகமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன். மூன்று வருடமாகப் போகாத அந்த ரோடு வழியாகத்தான் வந்தோம். அவர்கள் பிளாக் திருப்பத்தில் இறங்கிப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த மீட்டிங் மார்ச் எட்டாம் தேதி. அம்மாவுக்கு அன்னிக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்டுதான் வருது. எண்ணிப் பாத்துட்டேன்."

நானும் மனதுக்குள் எண்ணினேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஒன்றாக மாறும் மூன்று ஷிப்ட், சரியாகத்தான் இருந்தது; எனக்கும் அன்று மறுபடி இரண்டாம் ஷிப்ட்தான். வந்துவிடுகிறேன் என்றேன்.

அன்புடன்,
ரெஜின்