பாவுக் கயிற்றுச் சுணை

காஞ்சிபுரம்
20-2-1974

அன்புள்ள மகன் ராஜவேலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேருக்கு அரிப்பு இருப்பதைத் தவிர எல்லாரும் நலம், பிலாயில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை மங்கையர்க்கரசிக்கு வந்தது அம்மை இல்லை. சுகாதார ஆய்வாளர் பரமசிவம் நேற்றுக் காலை வீட்டுக்கு வந்து பார்த்துச் சொன்னது இது. போன கார்டில் அம்மை என்று எழுதியது தவறு, உன் அம்மா சொன்னதை விசாரிக்காமல் எழுதிவிட்டேன்.

போன புதன்கிழமை ஐயம்பேட்டைத் தோப்பில் சேலைப் பாவு நூலை நீட்டிக் கட்டினோம். தறிக்கு வரும் கந்தன் பாவு கட்டும் கயிற்றை வேலிமேல் போட்டிருந்தான். அந்த வேலி முழுக்கப் பூனைக்காலிக் கொடி, காயெல்லாம் காய்ந்து கிடந்தது. கயிற்றை இழுத்துக் கட்டிய மங்கைக்குச் சாயங்காலமே கையும் கழுத்தும் தடித்தன, அதே கையால் துடைத்ததில் முகமும் வீங்கியது. மறுநாள் கயிற்றைச் சுருட்டி வைத்த அம்மாவுக்கும் கந்தனுக்கும் அதே தடிப்பு. ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றுகிறது, ஆத்தாள்தான் என்று உன் அம்மா வாசலில் வேப்பிலை சொருகிவிட்டாள். சனிக்கிழமை நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தகப்பனார், சின்ன காஞ்சிபுரம் கைலாசம், வேப்பிலையைப் பார்த்ததும் தெருவோடு திரும்பிப் போய்விட்டார். என் மூஞ்சியப் பாக்காமலே போனாங்களே, தப்பிச்சாங்கப்பா என்று மங்கை சிரித்தாள். அன்று முழுதும் அவள் சாப்பிடவில்லை.

பரமசிவம் காய்ச்சல் உண்டா என்று கேட்டார், இல்லை என்றோம். மூன்று பேரும் தொட்ட பொருள் எது என்று கேட்டார். கயிற்றை அவர் வெயிலில் பிடித்தபோது, பட்டாலே அரிக்கும் பூனைக்காலிக் காயின் சுணை பொன்னிற மயிராகத் தெரிந்தது. அம்மை என்று குளிக்கவிடாமல் வைத்ததால்தான் சுணை உடம்பிலேயே தங்கிவிட்டது என்றார். வேப்பிலையை எடுக்கச் சொன்னதற்கு உன் அம்மா, ஆத்தாள வான்னு கூப்பிட்டு வெச்சிக்கினு, ஆபீசர் சொன்னாரு கிளம்பும்மான்னு அனுப்ப முடியுமாய்யா என்று கேட்டுவிட்டாள். ஆனால் மத்தியானமே, அம்மை இறங்க ஊற்றும் மூன்று தண்ணீரில் முதல் தண்ணீர் என்று சொல்லி மங்கைக்கு ஊற்றினாள், தானும் ஊற்றிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அரிப்பு பாதி குறைந்தது. கயிற்றைப் புதைத்தாயிற்று. நீயும் அங்கே வேலிமேல் சட்டையைக் கழற்றிப் போடாதே.

மூன்றாம் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை, அன்றுதான் வேப்பிலை இறங்கும். அம்மை இல்லை என்று பரமசிவம் எழுதிக் கொடுத்த சீட்டைக் கைலாசத்திடம் நேரில் காட்டினேன். திங்கட்கிழமை வருகிறார்களாம், பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகே தட்டு மாற்றுவார்களாம். இடது கன்னத்தில் தடிப்பு இன்னும் இருக்கிறது.

ஏகாம்பரநாதர் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும். தட்டு மாற்றினால் அன்றே தந்தி அடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரை தந்தி வராவிட்டால் கல்யாணத்துக்கு லீவு கேட்க வேண்டாம், தங்கைக்கு ஒரு கடிதம் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
மாணிக்கவாசகம்