கழுத்து மட்டும் விழுந்த படங்கள்

பல மாதங்களுக்குப் பிறகு இன்று காலை 'டிஜிட்டல் பேக்' என்ற அந்தக் கேமராப் பெட்டியை இயக்கினேன். உள்ளே குட்டி விசிறி சுற்றத் தொடங்கியதும் சூடான தூசி வாடை வந்தது. கூடவே, நம் ஸ்டுடியோப் படியேறி வந்து செருப்பைக் கழற்றும்போதே நீங்கள் கேட்கும் கேள்வியும் காதில் விழுந்தது: "ஏனுங்க, மாமியா எந்திரிச்சாச்சுங்களா?"

அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தது நீங்கள்தான். பழைய பிலிம் கேமராவின் முதுகில் மாட்டும் அந்தக் கனத்த பெட்டி, அதற்கென்று வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைத் தவிர வேறெதனோடும் ஒத்துப்போகாது. ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். சூடேறினால் படமெங்கும் புள்ளி தட்டும். ஊரே புதுக் கேமராவுக்குப் போய்விட்டது, நாம் மட்டும் அதைத் தாங்கிக்கொண்டு கிடந்தோம். எல்லாம் என் கர்வம். கல்லில் இருக்கும் கீறல்கூட இதில் தெரியும் என்று ஆர்.எஸ்.புரத்து நகைக்கடைக்காரர்களிடம் நான் பீற்றிக்கொள்ள, நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுவீர்கள். பதினாறு வருடம் கூட்டாகத் தொழில் செய்தும் நாம் ஒரு நாளும் 'வா, போ' என்று பேசிக்கொண்டதில்லை.

மாடல் பெண் மேக்கப் முடித்து வருவதற்குள் விளக்குகளைச் சரிபார்க்க நீங்கள்தான் நிற்பீர்கள். சட்டைக் காலரை உள்ளே மடக்கிவிட்டு, நிறம் சரியாக விழுவதற்காக ஒரு சாம்பல் நிற அட்டையை மார்புக்கு நேரே பிடித்துக்கொள்வீர்கள். ஆரத்துக்காக வைத்த கோணம் என்பதால் மோவாய்க்கு மேலே எதுவும் படத்தில் வராது. "வெறும் முண்டமாவே எடுத்துட்டு இருக்கறீங்க. ஒருக்கா மூஞ்சியையும் எடுங்க, ஊட்டுல காட்டோணும்" என்று ஒரு நாள் கேலி செய்தீர்கள். கேமராவை நிமிர்த்தி ஒன்று எடுத்தேன். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். அந்தப் படத்தை உங்களுக்குக் கொடுக்கவே இல்லை. வேலை நெருக்கடியில் மறந்துபோனேன்.

சூலூர் சர்ச்சில் உங்கள் முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது உங்கள் மனைவி ஸ்டெல்லா என்னை நிறுத்தினார். "போன்ல இருக்கறதெல்லாம் நோவு வந்த பொறகு எடுத்ததுங்கண்ணா. எலும்பும் தோலுமா இருக்காரு. நல்லா இருந்தப்ப எடுத்தது ஒண்ணு வேணும். உங்க கேமராவுல இருக்குங்களா?"

மறுநாளே அந்தப் பழைய கம்ப்யூட்டரில் தேட உட்கார்ந்தேன். அட்டையும் கழுத்துமாக நூற்றுக்கணக்கான படங்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் கண்ணில் பட்டது. கழுத்தின் இடது பக்கம் லேசான மேடு. ஆடி விளம்பரத்துக்கு எடுத்ததில் பட்டாணி அளவு. தீபாவளி விளம்பரத்தில் நெல்லிக்காய். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு அடுத்த தீபாவளியும் கழிந்த பிறகு. "ஒரு வருசம் முந்தி வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமுங்க" என்று டாக்டர் சொன்னபோது நானும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சட்டைக் காலர் மறைத்திருக்கும். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. அதே கழுத்தை நாள் தவறாமல் திரையில் பெரிதாக்கிப் பார்த்தவன் நான். அட்டையின் நிறத்தை மட்டும் பார்த்தேன். இன்னொன்றும் நினைவிருக்கிறது. அந்த முதல் தீபாவளி வேலையில், "எடது பக்கம் ஏதோ நெழல் உழுவுதுங்க, லைட்டத் தள்ளி வெச்சர்றேன்" என்று சொல்லி விளக்கை நகர்த்தினேன். நிழல் போய்விட்டது. "இப்ப சரியாப் போச்சுங்களா?" என்று கேட்டீர்கள். சரியாகிவிட்டது என்றேன்.

நீங்கள் சிரிக்கும் படமும் கிடைத்தது. ஸ்டெல்லா கேட்டது போலவே, கன்னம் நிறைந்த முகம். அண்ணாந்து சிரிப்பதால் கழுத்துக் கட்டியும் பளிச்சென்று தெரிந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணிவில்லை. எத்தனையோ கல்யாணப் பெண்களின் படங்களில் பருவையும் தழும்பையும் அழித்த கை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கட்டி இருந்த இடத்தில் சுத்தமான தோலை வைத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி எடுத்துப் போனேன்.

ஸ்டெல்லா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு உங்கள் கழுத்தை விரலால் தடவினார். "பாருங்கண்ணா, அப்ப ஒண்ணுமே இல்ல. எத்தன நல்லா இருந்திருக்காரு. எல்லாம் திடீர்னு வந்ததுதானுங்க, நம்ம யார் மேலயும் தப்பில்ல."

"ஆமா அம்மணி" என்றேன்.

இப்போது அந்தப் படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மற்றவை என்னிடம் இருக்கின்றன. அழிக்கவும் மனமில்லை, திறக்கவும் தைரியமில்லை. உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய படங்கள் அவை. எடுத்தவன் நான்.