சரியாகப் பூட்டாத தளை

நேற்று ஒஸ்லோவில், ஹவுகெட்டோ நிலையத்தில் ரயில் ஏறியபோது எனக்கு எதிரே ஒரு பெண் வந்து அமர்ந்தாள். முழங்கால் வரை சப்பாத்து, மடியில் தலைக்கவசம். அவளுடைய உடுப்பிலிருந்து குதிரை வியர்வையும் வைக்கோலும் கலந்த மணம் எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். நான் இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காமல் அந்த மணத்தோடு இன்னும் இரண்டு நிலையம் போனேன்.

நீ செத்து ஒன்றரை வருடமாகிறது. "என் சிநேகிதி எங்களை விட்டுப் பிரிந்து" என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. பஸ் ஓட்டினவள் நீ. எதையும் நேராகச் சொல்ல வேண்டும் உனக்கு.

இலங்கையில் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் ஒரு கோடை அது. ஒஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த சனத்தில் பாதி, பத்துப் பதினைந்து வருடமாகக் காணாத வீட்டைப் பார்க்க யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அமெரிக்காவின் நடுவில் இருக்கும் புல்வெளிக்கு, ஐந்து நாள் குதிரையில் போய்க் கூடாரம் அடித்துத் தங்கப் புறப்பட்டோம். என் கணவர் உன் முகத்துக்கு நேரேயே கேட்டார்: "எல்லாரும் ஊருக்குப் போகினம். நீங்கள் ரெண்டு பேரும் குதிரை மேய்க்கவோ போறியள்?"

"ஓம் அண்ணை, மேய்க்கத்தான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாய்.

நீ நெடுந்தீவில் பிறந்தவள். அங்கே காட்டில் திரியும் கட்டைக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவள். "ஒவ்வொரு நாளும் பார்த்தனான், ஒருநாளும் ஏறினதில்லை. நாப்பதுக்கு முன்னம் ஏறோணும்." உன்னுடைய காரணம் அவ்வளவுதான். எனக்கு அந்தக் காரணமும் இல்லை. நீ கேட்டாய், நான் ஓம் என்றேன். அதற்கு முந்திய குளிர்காலம் முழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில், நீ தேவாலயத்தில் பூசை முடித்து வந்ததும், நகருக்கு வெளியே ஒரு லாயத்தில் பழகினோம். நான் இரண்டு தரம் விழுந்தேன். விழுந்த இரண்டு தரமும், விடப் போகிறாயா என்று நீ கேட்கவில்லை. "வாற கிழமை எத்தினை மணிக்கு?" என்றுதான் கேட்டாய்.

அந்தப் புல்வெளியை நீ எப்போதும் கடல் என்றே சொன்னாய். மரம் இல்லை, வீடு இல்லை, முழங்கால் அளவு புல் காற்றில் புரண்டுகொண்டே இருந்தது. காலை எட்டு மணிக்கே சேணத்தின் தோல் கையைச் சுட்டது. வழிகாட்டியாக வந்தவர் அறுபது தாண்டிய பண்ணைக்காரி. எங்கள் மூவருக்கும் மூன்று குதிரைகள், சாமான் சுமக்க நான்காவது. அவற்றுக்குத் தலைவி ஒரு சாம்பல் நிறப் பெட்டை. அது எங்கே போனாலும் மற்றவை பின்னால் போகும்.

மாலையானால் குதிரைகள் தூரம் போகாதபடி முன்னங்கால்கள் இரண்டையும் தோல் தளையால் பூட்டிவிட வேண்டும். சிறு அடி வைத்து மேயலாம், ஓட முடியாது. மூன்றாம் நாள் அந்தச் சாம்பல் குதிரைக்குத் தளை பூட்டும் வேலை எனக்கு வந்தது. குனிந்தபோது அது காலைத் தூக்கி நிலத்தில் ஓங்கி அடித்தது. நான் அவசரமாகக் கடைசித் துளையில் மாட்டி, பட்டியின் நுனியை வளையத்துக்குள் நுழைக்காமலே எழுந்துவிட்டேன்.

"பூட்டியாச்சோ?" என்று கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

விடிந்தபோது ஒரு குதிரையும் இல்லை. வெறும் தளை புல்லில் கிடந்தது. பண்ணைக்காரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, குதிரைகளைத் தேட மேட்டுப் பக்கம் விரைந்தார். புல்லுக்குள் ஏதோ விலங்கு தோண்டிய வளையொன்றில் கால் புதைந்து விழுந்தார். நாங்கள் ஓடிப் போய்த் தூக்கினோம். கணுக்கால் எங்கள் கண் முன்னேயே வீங்கியது. கைபேசி வேலை செய்யவில்லை. வாகனம் வரக்கூடிய வீதிக்குக் குதிரையில் போனாலே ஒரு பகல் வேண்டும். தண்ணீர்க் கானில் பாதிதான் இருந்தது.

அவர் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "படுக்கும் முன் எல்லாத் தளையையும் நானே தொட்டுப் பார்ப்பேன். நேற்றுப் பார்த்தேனா என்று நினைவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. இனி ஆட்களைக் கூட்டி வரக்கூடாது" என்று தளையைப் பார்த்தபடியே சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீ கூடாரத் துணியால் அவருக்கு நிழல் கட்டினாய். பாதித் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தாய். பிறகு என்னைப் பார்த்து, "காய்ஞ்ச இடத்திலை குதிரையைத் தேடக்கூடாது. தண்ணியைத் தேடோணும். நேற்று அதுகள் குடிச்ச தொட்டிக்குத்தான் போயிருக்கும். வா" என்றாய். முந்தைய நாள் மத்தியானம், தண்ணீர் இறைக்கும் ஒரு காற்றாடிக்குக் கீழே இருந்த தொட்டியில் அவற்றுக்குத் தண்ணீர் காட்டியிருந்தோம்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். தளை பூட்டிய குதிரைகளின் முன்னங்கால் தடங்கள் சோடி சோடியாக மண்ணில் தெரிந்தன. ஒரு குதிரையின் தடம் மட்டும் தாராளமாக அகன்று போனது. அது சாம்பல் குதிரையின் தடம்.

"நான்தான். நான் சரியாப் பூட்டேல்லை" என்றேன்.

நீ நடையை நிறுத்தவில்லை. "தெரியும். நீ அவசரமா எழும்பினதைப் பார்த்தனான். நான் வந்து ஒருக்காப் பார்த்திருக்கோணும், பார்க்கேல்லை. என்னிலையும் பிழைதான்."

நான் அழத் தொடங்கினேன்.

"முதல்லை குதிரை. அழுகிறதைப் பிறகு பார்ப்பம்."

நான்கும் தொட்டியடியில்தான் நின்றன. சாம்பல் குதிரை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. நான் உன் பின்னால் ஒதுங்கினேன். நீ கயிற்றை என் கையில் வைத்து, "நீதான் பிடிக்கோணும்" என்றாய். அது மிரண்டு ஓடினால் மற்றவையும் ஓடும், அங்கே அந்தப் பெண் தனியே கிடக்கிறார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் தந்தாய். நான் நேராகப் போகாமல், நீ லாயத்தில் செய்வதைப் போலப் பக்கவாட்டில், முகத்தைப் பார்க்காமல் போனேன். அதன் கழுத்தில் கை வைத்தபோது அது தண்ணீர் சொட்டும் வாயை என் தோளில் துடைத்தது.

திரும்பி வரும் வழியில் ஒன்றுதான் சொன்னாய்: "அந்த மனுசி தன்னிலை பிழையெண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறா. நீதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டன்."

சொன்னேன். என் அரைகுறை ஆங்கிலத்தில், தளையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எப்படி மாட்டினேன் என்று காட்டியே சொன்னேன். அவர் தளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கோபமாக இருந்தார், இருக்கத்தானே வேண்டும். பிறகு, "காலையில் சொல்லியிருக்கலாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்துபோயிருந்தேன். நல்ல வேளை சொன்னாய்" என்றார். இருவரும் அவரைத் தூக்கிச் சேணத்தில் ஏற்றினோம். அன்று பொழுது சாயும்வரை நீ முன்னால் போனாய், நான் கடைசியில் வந்தேன். வீதிக்கு வந்ததும் வாகனம் பிடித்து அவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டோம். அடுத்த கோடையிலும் ஆட்களைக் கூட்டிப் போனதாக உனக்கு ஒரு தபாலட்டை போட்டிருந்தார்.

வருடங்கள் கழித்து நோய் வந்தபோதும் நீ அப்படியே இருந்தாய். டொக்டர் கதைத்து முடிந்ததும் மேலங்கியை மாட்டிக்கொண்டு, "முதல்லை பிள்ளையளுக்குச் சொல்லோணும். ஆரும் சொல்லி அதுகள் அறியக்கூடாது" என்றாய். அன்று பின்னேரமே அவர்களை மேசையடியில் இருத்திச் சொன்னாய். ஐந்து மாதம் இருந்தாய். மூன்றாம் மாதம்வரை வெள்ளிக்கிழமைகளில் ட்வெய்ட்டாக் கடைகளுக்கு வந்து என்னோடு சாமான் வாங்கினாய். கூடையைக்கூட என்னிடம் தரவில்லை.

போன மாதம் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்காரருடைய மருந்துக் குளிசையை அடுத்த அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். வெறும் மருந்துக் கோப்பையைத் திரும்ப எடுக்கும்போதுதான் அதிலிருந்த பெயரைக் கண்டேன். யாரும் பார்க்கவில்லை. ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று தாழ்வாரத்தில் ஒரு கணம் நின்றேன். பிறகு பொறுப்பாளரின் அறைக்குப் போய், நான்தான் மாற்றிக் கொடுத்தேன் என்று சொன்னேன். உடனே மருத்துவரை அழைத்தார்கள், மாலைவரை குளிசை குடித்தவருடைய நாடியைப் பார்த்தபடி இருந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

நான் இன்றைக்கும் பயந்தவள்தான், அது மாறவில்லை. பொறுப்பாளரின் அறை வாசலில் என் கால் நடுங்கியது. நடுங்க நடுங்கவே உள்ளே போனேன்.