பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் பத்தியம்

அன்புள்ள மூத்தவனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா என்று இந்த முறை கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் நம்புவதற்கில்லை என்று ஆகிவிட்டது. காரணம் கீழே.

உன் தம்பி நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். பன்னிரண்டு நாள், அதில் ஆறு நாள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். 'அண்ணன்கிட்ட சாதாரணச் சளின்னு மட்டும் சொல்லுங்க' என்று என் வாயைக் கட்டிவைத்திருந்தான். அந்தச் சளியை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். நூலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் வாயைப் பொத்தாமல் இருமினார். எழுபத்தாறு வயதில் நான் நாலாம் நாள் எழுந்து துணி மடித்தேன். நாற்பத்துநாலு வயது ஆண்பிள்ளை ஐந்தாம் நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, பேச மூச்சில்லாமல் என்னைப் பார்த்தான். உன் அப்பாவுக்குப் பிறகு இன்னொரு கட்டிலருகே உட்கார வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன்.

இது என்ன நியாயம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பு கிருமியோடு போராடத் திணறும், காய்ச்சல் வந்தால் சர்க்கரை இன்னும் ஏறும், நுரையீரல் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்றார். அவனுக்குக் கட்டுக்குள்தானே இருக்கிறது என்று நான்கு வருஷ ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை நீட்டினேன், தேதிவாரியாக நானே அடுக்கிவைத்தவை. 'இதெல்லாம் அன்னிக்குக் காலையில எடுத்த அளவும்மா. மூணு மாசச் சராசரின்னு ஒண்ணு இருக்கு, அதை ஏமாத்த முடியாது' என்று வேறொரு சீட்டைக் காட்டினார். ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்று.

அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் அரைவயிறும் நடையும். ரத்தம் கொடுத்த கையோடு பேக்கரிக்குள் நுழைந்துவிடுவானாம். கன்னியாஸ்திரிகளிடம் படித்த நான், பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகம் திறக்கிற பிள்ளையை அடையாளம் காணாமல் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். 'அண்ணன்தாம்மா, எட்டு வருஷமா அவன் சர்க்கரையை இப்படித்தான் சமாளிக்கிறான்' என்றான். குழாயோடு சிரிக்க வேறு செய்தான்!

வகுப்பில் காப்பியடித்தால் வெளியே அனுப்புகிற வாத்தியார் நீ. அங்கே குளிர் தொடங்கிவிட்டது, உன் எதிரே முப்பது மூக்கு ஒழுகும். இந்த வாரமே அந்த மூன்று மாதச் சோதனையைச் செய்துகொள். காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொள். பத்தியம் இருந்து வாங்கின நல்ல அளவு எனக்கு வேண்டாம். உள்ளது பதினைந்தானாலும் அதை அனுப்பு. திட்டுவேன், நிச்சயம் திட்டுவேன். திட்டு வாங்க நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். சீட்டில் தேதி தெளிவாகத் தெரியட்டும்.

இன்னும் கோபம் தீராத,
அம்மா