துரை திரும்பிப் பார்க்காத நாள்

மதினி,

இன்று காலை பீரோவின் அடித்தட்டில் பழைய துணிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது உங்கள் பச்சைச் சுருக்குப்பை கையில் அகப்பட்டது. முடிச்சை அவிழ்த்ததும் நெத்திலிக் கருவாட்டு வாடை குப்பென்று ஏறியது. அடுத்த அறையில் படுத்திருந்த துரை எழுந்து வந்து பையை முகர்ந்தான். பிறகு வாசற்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டான். அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

கணவனின் அக்காவை நான் மதினி என்று கூப்பிட்டதே உங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சிரிப்பு. கோவில்பட்டியில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் எதற்குமே லேசில் சிரிக்கிறவர் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே என் அப்பாவின் முகத்துக்கு நேராக, "அவ்ளோ தூரத்துல பொண்ணு எடுத்தா யாருகிட்ட விசாரிக்கறது?" என்று கேட்டவர். உங்கள் ஊரான உத்தனப்பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் போர்டைப் படித்து, கண்டக்டரைக் கேட்டு, ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்பவர். சட்டி வாங்கினாலும் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது உங்கள் வேதம். என்னையும் பல வருஷம் தட்டிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

சூளகிரிக்கு அப்பால் லாரி எங்கள் வண்டியை இடித்த பிறகு என் இடது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. தடியை ஊன்றினால் நிற்பேன். நாலடி வைத்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறோம் என்றது நான் வேலை பார்த்த கம்பெனி. ஆனால் துணையாள் இல்லாமல் பஸ் ஏறி, இறங்கி, இருக்கை வரை நானே வர வேண்டும். பழக்கிய நாய் கூட வரலாம், மனிதர் வரக் கூடாது. அந்த வேலை போனால் நான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று உங்கள் சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். நீங்கள் பேசவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

உங்கள் தம்பியிடம் சமையலறையில், "நான் பாத்துக்கறேன், நீ பேசாம இரு" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் அம்மா துரையைக் கொண்டுவந்தார். மஞ்சள் நிற லேப்ரடார், பரந்த தோள், சாது முகம். முதுகில் கைப்பிடி வைத்த பெல்ட். பாரத்தை அவன்மேல் போடக் கூடாது, உடம்பு சாயும்போது நிமிர்த்திக்கொள்ள மட்டுமே கைப்பிடி என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கீழே விழுந்த தடியை எடுத்துத் தருவான். படி வந்தால் நின்றுகொள்வான். ஆனால் தினமும் பழக்க வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். உங்கள் தம்பிக்கு ஷிப்ட். மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு நீங்கள் வந்து நின்றீர்கள். மாட்டை அடுத்தவர் கையில் விடாத மனுஷி இதற்காக விட்டால், எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

நீங்கள் துரையையும் விட்டுவைக்கவில்லை. "இவன் கண்ணப் பாத்தியா? திங்கறதுக்குன்னே பொறந்தவன்" என்றீர்கள். பயிற்சியாளர் அம்மா தந்த டப்பா பிஸ்கட்டை உடைத்து முகர்ந்து, ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் சந்தைக் கருவாட்டை வெந்நீரில் அலசி உப்பெடுத்து, காயவைத்து, கிள்ளிக் கிள்ளிக் கொண்டுவந்தீர்கள். தெற்கத்திக் கருவாடு தின்று வளர்ந்த என்னைக் கேட்டிருந்தால் இன்னும் நல்ல கருவாடு சொல்லியிருப்பேன். கேட்பீர்களா? ஆனாலும் அந்தக் கருவாட்டுக்குத்தான் துரை உயிரை விடுவான்.

அப்புறம் அந்தத் தேய்பிறை அஷ்டமி வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு நாய் கண்ணில் பட்டால் பைரவர். சும்மா விடமாட்டார்கள். துரையின் பெல்ட்டில் 'உணவு கொடுக்காதீர்கள்' என்று எழுதியே இருந்தது. எதிர் வீட்டுத் தெலுங்குக்காரம்மா அதை வாய்விட்டுப் படித்தார். "அது மனுசங்க குடுக்கறதுக்கு. இது சாமிக்குத்தான?" என்று சொல்லி, துரையின் நெற்றியில் குங்குமம் வைத்து பிஸ்கட்டை நீட்டினார். துரை தாவினான். வாசற்படியில் ஒரு கால் கீழே வைத்திருந்த நான் அப்படியே உருண்டேன்.

முழங்கை வீங்கியது போகட்டும். அவனை இனி நம்ப முடியுமா என்பதுதான் பயம்.

அடுத்த வாரம் ஜன்னல் வழியாக நான் பார்த்தது அதைவிடப் பெரிய அடி. நீங்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துக்கொண்டு போனீர்கள். எதிர் வீட்டம்மாவிடம் குனிந்து ரகசியமாக ஏதோ சொன்னீர்கள். அவர் தலையாட்டினார். நீங்கள் உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"நீங்களே பிஸ்கட் வாங்கிக் குடுக்கீகளா மதினி? நான் நடக்கக் கூடாதுன்னு நெனைக்கீகளா?"

"ஆமா, நாந்தான் குடுத்தேன். என்னா இப்ப?"

"என்னய ஊருக்கு அனுப்பணும்னா நேராச் சொல்லிருங்க."

நீங்கள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தீர்கள். "அட போம்மா. ஜனங்க நிறுத்துவாங்களா? பைரவருக்குப் போடாதேன்னா நம்மளத்தான் பாவின்னுவாங்க. அவங்க மாற மாட்டாங்க, இவன்தான் மாறணும். நாலு பேரு கூப்புட்டுக்கினே இருக்கட்டும். இவன் உன் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கணும். தெருவுல ஒரு வீடு பாக்கி இல்லாம கூப்புடச் சொல்லி வெச்சிருக்கேன். எந்திரி."

எழுந்தேன். அப்போதும் முழுசாக நம்பவில்லை.

என்னைச் சுவரோரம் நிறுத்தினீர்கள். எதிர் வீட்டம்மா தூரத்திலிருந்து தெலுங்கில் "ரா நாயனா" என்று கூப்பிட்டார். மாடி வீட்டுக்காரர் கன்னடத்தில் "பாரோ" என்று பாக்கெட்டைக் கசக்கிச் சத்தம் காட்டினார். துரை அவர்களை விட்டு என் முகத்தைப் பார்த்தால்தான் என் கையிலிருந்து ஒரு கிள்ளு கருவாடு. பார்க்காவிட்டால் இல்லை. நாளாக நாளாக அவர்கள் கிட்டே வந்தார்கள். கொடுத்த பிஸ்கட்டையெல்லாம் எங்கள் வாசலில் ஒரு தூக்குவாளியில் போட்டுவிட்டுப் போகச் சொல்லி, சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றியதும் என் கையால் போட வைத்தீர்கள். பைரவருக்கும் குறையில்லை, தெருவுக்கும் பாவமில்லை.

எனக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. துரை தெருவில் எல்லாரையும் தாண்டிவிட்டான். ஆனால் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் வால் அடித்துக்கொள்ளும். இந்த நாய் எனக்கா, உங்களுக்கா? அவனைக் காட்டியே என்னைக் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன். உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

கம்பெனி பஸ்ஸில் நான் தனியாக ஏறிக் காட்ட வேண்டிய காலையில், எனக்கு முன்பே போய் நிறுத்தத்தில் நின்றீர்கள். சுருக்குப்பை வாய் திறந்திருந்தது. நான் துரையோடு நெருங்கியதும், "துரக்கண்ணு, வாடா" என்றீர்கள். நீங்கள் அவனிடம் மட்டும் பேசுகிற குரல்.

கைப்பிடி வழியாக அவன் உடம்பு நடுங்கியது எனக்குத் தெரிந்தது. காது உங்கள் பக்கம் திரும்பியது. மறுபடி கூப்பிட்டீர்கள். அவன் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தான். நான் கால் எடுத்து வைத்தேன். உங்களைத் தாண்டி நடந்தோம். பஸ் படியில் அவன் நின்று கொடுத்தான், நான் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். சிரிக்கிறீர்களா அழுகிறீர்களா என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் ஊர் திரும்பும் முன், "திரும்பிக்கூடப் பாக்கல பாரு, நன்றி கெட்ட பையன்" என்றீர்கள். அவ்வளவு பூரிப்பை உங்கள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பையை எங்கள் பீரோவில் வைத்துவிட்டுப் போனது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை மதினி. சட்டியை, பஸ்ஸை, நாயை, என்னை என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தீர்கள். அடிவயிற்று வலியை மட்டும் "சூட்டு வலிம்மா, வெந்தயமும் மோரும் குடிச்சா போயிடும்" என்று நம்பிக்கொண்டு மாசக்கணக்காக மறைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்னபோது வைத்தியம் செய்யும் கட்டம் தாண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை உங்கள்மேலும் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

உத்தனப்பள்ளியில் உங்களை வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். நான் துரையோடு உள்ளே போனேன். அவன் மூக்கு உயர்ந்தது. உடம்பு முழுக்க விறைத்தது. ஆனாலும் இழுக்கவில்லை. கற்றுக்கொடுத்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தனை கூட்டத்திலும் அவன் உங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பாடத்தை என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

குனிந்து பெல்ட்டைக் கழற்றினேன். "போடா, போய்ப் பாரு" என்றேன்.

ஓடினான். உங்கள் கால்மாட்டில் மோவாயை வைத்துப் படுத்தான். யாரோ விரட்ட வந்தார்கள், உங்கள் தம்பி தடுத்தார். நான் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கூப்பிடாமலே அவன் எழுந்து வந்து என் இடப்பக்கம் நின்றான்.

எனக்கு உங்கள் குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆட்டோக்காரரை இரண்டு தரம் கேட்கிறேன், சிரித்துப் பேசுகிறவர்களை ஒரு தரம் கூடுதலாகப் பார்க்கிறேன். தினமும் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது துரையின் கைப்பிடியில் கை வைக்கிறேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் வருவதில்லை மதினி.