விழாத நிழலும் ஆறாத புண்ணும்

அண்ணே,

காலையில் மருமகன் எனக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். "தஞ்சாவூர் பற்றி நீங்கள் அறியாத பத்து அதிசயங்கள்." முதல் அதிசயமே பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பதுதான். படித்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் எதற்கு? உங்கள் மேல்தான்.

இதே புளுகை நம்பி என்னோடு ஊருக்கு வந்த கேரளத்து நர்ஸை, பட்டப்பகலில் அந்த நிழலிலேயே உட்காரவைத்துப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னவர் நீங்கள். "குளுகுளுன்னு இருக்காம்மா? இதுதான் விழாத நிழல்" என்றீர்கள். அவளுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதோடு விட்டீர்களா? சுற்றிலும் மலையே இல்லாத ஊர், அத்தனை கல்லும் வெளியூர்க் கல் என்று ஆரம்பித்தீர்கள். திருச்சியில் அகண்டு போகிற காவிரி பூம்புகாரில் வாய்க்கால் மாதிரி மெலிந்துதான் கடலுக்குப் போகிறது என்பதுவரை இழுத்தீர்கள். எங்களுக்குப் பஸ் தப்பிப்போயிற்று. "நாம வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, பெரிய கோயில் சங்கதி உங்களுக்கு எதுக்கு?" என்று அண்ணி கேட்டதற்கு, "ஊரு எல்லாருக்கும்தானேடி" என்றீர்கள்.

நான் மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகும் இதே கூத்துதான். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நீங்கள் சைக்கிளை மிதித்துப் பாபநாசத்து எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து என் போனுக்காகக் காத்திருப்பீர்கள். நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்பதைத்தான் நானும் கேட்பேன். "அண்ணே, தண்ணி வந்துடுச்சா?" அவ்வளவுதான். குடமுருட்டியில் எவ்வளவு ஓடுகிறது, கடைமடைக்கு எப்போது போய்ச் சேரும், யார் நாற்று விட்டிருக்கிறார்கள் என்று கொட்டித் தீர்ப்பீர்கள். ஆற்றுக்குச் சுகம் என்றால் ஆளுக்கும் சுகம் என்று நமக்கு ஒரு நினைப்பு. உடம்பை விசாரிப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பதிலாக அண்ணி வந்தார். "அவருக்குக் கால்ல புண்ணு. ஆறவே மாட்டேங்குது. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

அடுத்த வாரம் நான் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "சுகர் பாத்தீங்களா? சேத்துல இறங்காதீங்கண்ணே."

"அட, முள்ளு குத்துனதும்மா. நடவு முடியட்டும், போய்க் காட்டுறேன். நீ இதைக் கேளு, திருவாரூர்த் தேரு திரும்புறதை இந்தத் தடவை பக்கத்துல நின்னு பாத்தேன்..."

கேட்டேன், அண்ணே! சிரித்துக்கொண்டே கேட்டேன். தினம் நாலு பேருடைய சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நான், தேர் எப்படித் திரும்பியது என்று கேட்டுக்கொண்டு நின்றேன். புண்ணோடு எவ்வளவு கூட்டத்தில் நின்றீர்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நடவு முடிந்தது. காலை எடுத்தாலும் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்தார். நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடிக் கல்லறைக்கே கொண்டுபோயிருந்தார்கள். "டாக்டர்கிட்டயும் கல்லணைக் கதையைத்தான் பேசினாரு. வாயை வச்சே எல்லாரையும் ஏமாத்திட்டாரு" என்று அண்ணி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை.

போன வாரம் என் மகள் என்னை வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனாள். சின்ன வயசுப் பெண் டாக்டர். "எந்த ஊரும்மா?" என்றார். நான் ஆரம்பித்துவிட்டேன். வெற்றிலைக் கொடிக்கால், குறுவை, சம்பா என்று போய்க்கொண்டே இருக்கிறேன். அந்தப் பெண்ணும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரசித்துக் கேட்கிறார்.

"அம்மா! எதுக்கு வந்தோம்னு சொல்லும்மா!" என்று மகள் கத்தினாள்.

உங்கள் வாய் அப்படியே எனக்கு வந்திருக்கிறது, பாவி மனுஷா. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "வலது மார்புல ஒரு கட்டி, டாக்டர். நாலு மாசமா இருக்கு. பயமா இருக்கு" என்றேன்.

இவ்வளவுதான், அண்ணே. பூத்தில் நின்று இவ்வளவை நீங்கள் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பேனே.